புளித்த மழையும் பாடாத தவளைகளும்

ஆம்பல் குட்டையில் முந்நூறு தவளைகள் வாழ்ந்தன. அந்தக் காட்டில் அவற்றுக்கு இருந்த மரியாதை புலிக்குக்கூடக் கிடையாது. மழையைக் கூப்பிடுவது தாங்கள்தான் என்று தவளைகள் சொல்லிக்கொண்டிருந்தன. காடும் அதை நம்பியது.

ஐப்பசி பிறந்து மேகம் கூடினால் போதும், தவளைகள் கரையில் வரிசை கட்டி உட்காரும். நடுவில் தொண்டைமணி என்ற தவளை. உடம்பு எலுமிச்சம்பழம் அளவுதான். குரல் மட்டும் அண்டா உருட்டினாற்போல இருக்கும்.

"ம்ம், பிடியுங்கள்!" என்று அது ஆரம்பித்துவைக்கும். முந்நூறு தொண்டைகளும் வீங்கும். கொஞ்ச நேரத்தில் மழை கொட்டும். நனைந்த முயல்கள் ஓடி வந்து, "அருகம்புல்லுக்கு இன்னும் நாலு தூறல் வேண்டும் அண்ணே!" என்று கேட்டுக்கொள்ளும்.

"பார்க்கலாம், பார்க்கலாம்!" என்று தொண்டைமணி கண்ணை மூடிக்கொள்ளும்.

அந்த வருஷம் பெய்த மழை வேறு மாதிரி இருந்தது. பார்வைக்கு அதே மழைதான். ஆனால் வாகை இலைகளில் சூடு போட்டதுபோலப் பழுப்புப் புள்ளிகள் விழுந்தன. குட்டைத் தண்ணீர் நாளுக்கு நாள் தெளிந்துகொண்டே வந்தது. பாசி போயிற்று, நத்தை போயிற்று, கலங்கல் போயிற்று. அடியில் கிடக்கும் ஒவ்வொரு கூழாங்கல்லும் கண்ணுக்குத் தெரிந்தது.

காட்டுப் பஞ்சாயத்தை நடத்துவது ஓரக்கண் நரி. அது கரையில் நின்று தன் முகத்தைத் தண்ணீரில் பார்த்தது. "அடடா, கண்ணாடி! நம் குட்டை இவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை!" என்று மீசையை நீவிக்கொண்டது. மற்ற விலங்குகளும் வந்து முகம் பார்த்தன. தண்ணீருக்குள் ஏன் எதுவுமே அசையவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

குட்டைக்கரை மருதமரத்தில் ஒரு நத்தைகுத்தி நாரை கூடு கட்டியிருந்தது. அலகை எவ்வளவு இறுக்கி மூடினாலும் அதன் நடுவில் ஒரு சந்து இருக்கும். அந்தச் சந்தில் நத்தையை வாகாகப் பிடித்து உள்ளிருக்கும் சதையை உருவித் தின்னும். அதனால் காட்டில் எல்லாரும் அதை இடுக்கி அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

இடுக்கி அக்கா மூன்று முட்டை இட்டது. அடைகாக்க மெதுவாக உட்கார்ந்தது.

மொறுக்!

எழுந்து பார்த்தது. ஓடு வெங்காயத் தோல்போல மெலிந்து நொறுங்கிக் கிடந்தது. மிச்சமிருந்த இரண்டும் மறுநாள் அப்படியே போயின.

அதே வாரம் தவளைகளின் முட்டைகளும் வெளுத்து நூல்நூலாகப் பூஞ்சை பிடித்தன. ஒரு தலைப்பிரட்டைகூட வெளியே வரவில்லை.

இடுக்கி அக்கா பஞ்சாயத்துக்கு வந்தது. இறகெல்லாம் கலைந்திருந்தது.

"என் பிள்ளைகளை என் உடம்பாலேயே நசுக்கிவிட்டேன். எனக்கு நியாயம் வேண்டும். இந்தப் பருவத்தில் இன்னும் ஒரு முறைதான் என்னால் முட்டை இட முடியும்."

நரி தொண்டையைக் கனைத்தது. "மழை பெய்த பிறகுதானே இதெல்லாம்? இந்த மழையில் ஏதோ கேடு இருக்கிறது. அது சரி, மழையைக் கூப்பிட்டது யார்?"

எல்லாத் தலைகளும் தவளைகள் பக்கம் திரும்பின.

"ஐயோ, நாங்கள் நல்ல மழையைத்தானே கூப்பிட்டோம்!" என்றது ஒரு தவளை.

"அப்படியானால் கூப்பிட்டது நீங்கள்தான்! உங்கள் வாயாலேயே ஒப்புக்கொண்டாயிற்று!" என்றது நரி. "இத்தனை வருஷம் மார்தட்டினீர்களே, இப்போது வாயில் கொழுக்கட்டையா?"

முயல்களும் கத்தின. "பாட்டில் பிசகு! தொண்டைமணி அண்ணனுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. சுருதியைக் கோட்டை விட்டுவிட்டார்!"

தொண்டைமணிக்கு வாய் வரைக்கும் ஒரு பதில் வந்தது. மழையை நாங்கள் கூப்பிடவில்லை என்று சொன்னால் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அதைச் சொல்லிவிட்டால் நாளைக்கு எந்த முயல் அண்ணே என்று கூப்பிடும்? அது பேசாமல் இருந்துவிட்டது.

நரி தீர்ப்புச் சொன்னது. "இனிமேல் தவளைகள் பாடக் கூடாது. நாரையின் அடுத்த முட்டைகளும் உடைந்தால், தவளைகள் குட்டையைக் காலி செய்ய வேண்டும். போகாதவை நாரைக்கு இரை."

"முதலில் இந்தப் பாட்டுக்காரன்!" என்று இடுக்கி அக்கா தொண்டைமணியைப் பார்த்துச் சொன்னது.

தவளைகள் வாயை மூடிக்கொண்டன. குட்டை செத்த வீடுபோல ஆனது.

நாலாம் நாள் மேகம் கூடியது. ஒரு தொண்டையும் அசையவில்லை. மழை மட்டும் கொட்டோ கொட்டென்று கொட்டியது!

"இது என்ன கூத்து?" என்று முயல்கள் விழித்தன.

நரி சளைக்கவில்லை. "மனசுக்குள் பாடியிருப்பார்கள். கள்ளப் பயல்கள்!"

தொண்டைமணி ஓர் ஆம்பல் இலையில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தது. இதுவரை பெய்த மழையிலெல்லாம் அது பாடிக்கொண்டே இருந்தது. மழையை ஒரு நாளும் கவனித்ததில்லை. இப்போது பாட்டு இல்லை, வேறு வேலையும் இல்லை. துளி முதுகில் விழும்போது தோல் கடித்தது. புளிச்சாறு பட்ட புண்போல எரிந்தது.

ஏழாம் நாள் இன்னொரு மழை வந்தது. இது கடிக்கவில்லை. குளுகுளுவென்று இருந்தது. தொண்டைமணி நிமிர்ந்து பார்த்தது. இந்த மேகம் கிழக்கிலிருந்து, கடல் பக்கத்திலிருந்து வந்தது. அன்றைக்கு வந்தது மேற்கு மலைப் பக்கத்து மேகம்.

ஒன்பதாம் நாள் மறுபடியும் மேற்கு மேகம். மறுபடியும் கடி.

மழை நின்றதும் தொண்டைமணி பஞ்சாயத்துப் பாறைமேல் தாவி ஏறியது.

"எல்லாரும் கேளுங்கள்! நாங்கள் எந்த மழையையும் கூப்பிட்டதில்லை. காற்றில் ஈரம் ஏறினால் எங்கள் தோலுக்குத் தெரிந்துவிடும். சந்தோஷத்தில் பாடுவோம். பின்னாலேயே மழை வரும். நீங்கள் வணங்கினீர்கள், நாங்கள் வாங்கிக்கொண்டோம். அவ்வளவுதான் சமாசாரம்."

முதலில் கோபப்பட்டவை தவளைகளே. "துரோகி! நம் குலத்தின் மானத்தைக் கப்பலேற்றிவிட்டாயே!"

"மானம் இருந்து என்ன செய்ய? குலமே பூஞ்சை பிடித்துக் கிடக்கிறதே!" என்றது தொண்டைமணி. பிறகு நாரையைப் பார்த்தது. "அக்கா, மேற்கு மேகம்தான் கடிக்கிறது. அங்கே என்ன இருக்கிறது என்று போய்ப் பார்க்க வேண்டும். எனக்கு இறக்கை இல்லை. உனக்கு இருக்கிறது."

"நான் எதற்கு உன்னைச் சுமக்க வேண்டும்?"

"கடிக்கிறதா இல்லையா என்று சொல்ல என் தோல் வேண்டுமே! உன் இறகுக்கு அது தெரியாது."

இடுக்கி அக்கா யோசித்தது. "சரி, வா. வாயில் கவ்விக்கொள்கிறேன்."

"வாய் வேண்டாம் அக்கா! வாய்க்கு என்று ஒரு பழக்கம் இருக்கும். முதுகிலேயே உட்கார்ந்துகொள்கிறேன்."

பல நாளைக்குப் பிறகு அன்றுதான் நாரைக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டும் பறந்தன. மலை உச்சியைத் தாண்டியதும் தொண்டைமணி இறகுக்குள் முகத்தைப் புதைத்தது. "எரிகிறது அக்கா! இங்கே காற்றே கடிக்கிறது!"

கீழே மூன்று புகைபோக்கிகள் நின்றன. மருதமரத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்து வைத்தால் வரும் உயரம். அடியில் மலை மலையாக நிலக்கரி குவிந்திருந்தது. மேலே மூன்று வாய்களும் கரும்புகையை விட்டுக்கொண்டே இருந்தன. புகை மேலே போய் மேகத்தோடு கலந்தது. அந்த மேகத்தைக் காற்று கிழக்கே தள்ளியது. மலையைத் தாண்டியதும் அது மழையாக இறங்கியது. இறங்கிய இடம் ஆம்பல் குட்டை.

பக்கத்தில் ஒரு மனிதக் குடியிருப்பும் இருந்தது. அங்கே தகரக் கூரைகள் ஓட்டை ஓட்டையாக அரித்துப்போயிருந்தன. வாழை இலைகளில் அதே பழுப்புப் புள்ளிகள். யாரோ இருமிக்கொண்டே துணி உலர்த்தினார்கள்.

"இவர்களுக்கும் நம் கதிதானா?" என்றது நாரை. பிறகு புகைபோக்கிகளைத் திரும்பிப் பார்த்தது. "மூன்று வாய், ஒவ்வொன்றும் கிணறு அகலம். என் அலகில் இருப்பதோ ஒரு சந்து. இவற்றோடு நாம் என்ன சண்டை போடுவது தம்பி?"



திரும்பும் வழியில் களைப்பாக இருந்தது. மலையடிவாரத்தில் மனிதர்கள் எப்போதோ சுண்ணாம்புக் கல் வெட்டிவிட்டுப் போட்டுப்போன ஒரு பள்ளத்தில் தண்ணீர் நின்றது. நாரை கரையில் இறங்கியது. தொண்டைமணி தண்ணீரில் குதித்தது.

குதித்த வேகத்தில் கத்திவிட்டது. "அக்கா! இங்கே தலைப்பிரட்டைகள்! நூறு, ஆயிரம்!"

பள்ளத்தில் பாசி பசேலென்று படர்ந்திருந்தது. வெள்ளைக் கல்லின்மேல் நத்தைகள் கெட்டி ஓட்டோடு ஊர்ந்தன. நாரையின் நிழலைக் கண்டதும் அத்தனையும் பட் பட்டென்று மூடியைச் சாத்திக்கொண்டன.

தொண்டைமணி ஒரு நத்தையின் மூடியைத் தட்டியது. "கொஞ்சம் திறங்களேன்."

"மாட்டேன். வெளியே நிற்பது யார் என்று எனக்குத் தெரியும். அங்கிருந்தே பேசு."

"ஒரே ஒரு கேள்வி. உங்களுக்கு மேற்கு மழை வருவதில்லையா?"

"ஏன் வராமல்? உங்களைவிட முதலில் எங்கள் தலையில்தான் கொட்டுகிறது!" என்று மூடிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அப்புறம் எப்படி இவ்வளவு கெட்டியான ஓடு?"

"கல்லைத் தடவிப் பார்."

தொண்டைமணி தடவியது. வெள்ளைக் கல் சொரசொரவென்று குழிவிழுந்து தேய்ந்திருந்தது. விரலில் மாவு ஒட்டியது.

"மழையின் புளிப்பு முதலில் கல்லைத் தின்கிறது. கல் கரைந்து புளிப்பைத் தின்கிறது. இரண்டும் சண்டை போட்டு ஓய்ந்த பிறகுதான் தண்ணீர் எங்களிடம் வருகிறது. எங்கள் ஓடும் இந்தக் கல்லின் சத்துதான். உங்கள் குட்டையில் அது இல்லை. புளிப்பு நேரே உங்களைத் தின்கிறது. கதவைத் தட்டியது போதும், போ!"

தொண்டைமணி கரைக்குத் தாவியது. "அக்கா, உன் முட்டை ஏன் உடைந்தது தெரியுமா? எங்கள் குட்டை நத்தைகளுக்கு ஓடு மெலிந்துவிட்டது. பிறகு நத்தையே இல்லை. நத்தையிலிருந்து கிடைக்க வேண்டிய சத்து உனக்குக் கிடைக்கவில்லை. உன் முட்டையும் மெலிந்துவிட்டது!"

நாரை பள்ளத்தைப் பார்த்தது. அலகுச் சந்தில் எச்சில் ஊறியது. "அப்படியானால் இப்போதே பத்து நத்தை தின்கிறேன்."

"தின்றால் இன்றைக்குப் பசி தீரும். ஆம்பல் குட்டைக்கு விதை நத்தை எங்கே போவது? கரையில் செத்த நத்தைகளின் வெற்று ஓடு குவிந்து கிடக்கிறதே, அதைப் பொடித்து விழுங்கு. உன் முட்டைக்கு ஓடு தேறும். உயிருள்ளதைச் சேதமில்லாமல் கொண்டுபோய் நம் குட்டையில் விடு."

"நத்தையை வாயில் வைத்துக்கொண்டு தின்னாமல் பறப்பதா? என்னைப் பார்த்து இப்படி ஒரு பேச்சா?"

"உன் முட்டைக்காக அக்கா."

நாரை வெகுநேரம் ஒற்றைக் காலில் நின்றது. பிறகு வெற்று ஓடுகளைப் பொடித்து விழுங்கிவிட்டு, உயிருள்ள ஒரு நத்தையை எடுத்து அலகுச் சந்தில் வைத்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது. அழுத்தவில்லை.

"ஐயோ, செத்தேன்!" என்று நத்தை உள்ளேயிருந்து அலறியது.

"கத்தாதே! நீ கத்தினால் எனக்குப் பசிக்கிறது!" என்று நாரை பல்லைக் கடிக்காத குறையாக முனகியது.

ஆம்பல் குட்டைக்குத் திரும்பியதும் தொண்டைமணி நடந்ததையெல்லாம் சொன்னது. வெள்ளைக் கல்லைக் கொண்டுவந்து, குட்டைக்குள் ஓடை இறங்கும் வாயில் கொட்ட வேண்டும் என்றது.

நரி துள்ளியது. "கல்லைக் கொட்டினால் தண்ணீர் கலங்குமே! நம் கண்ணாடி போய்விடுமே!"

"போகட்டும் மாமா. அது சுத்தமில்லை, வெறுமை. அதில் உங்கள் முகத்தைத் தவிர வேறு எதுவும் உயிரோடு இல்லை."

காட்டுப்பன்றிகள் முதலில் கிளம்பின. அரை நாள் நடை. வாய்க்கு ஒரு கல்லாகக் கவ்வி வந்தன. குரங்குகள் கக்கத்தில் இடுக்கி வந்தன. மான்கள் கொம்பில் ஏதோ தொங்கவிட்டுப் பாதி வழியில் கொட்டிவிட்டு வந்தன. முயல்கள் உருட்டின. பன்றிகள் ஓடை வாயில் கல்லை மிதித்து நொறுக்கின. மேற்கு மேகம் கூடினால் தவளைகள் கத்தின. அது மழைக்கான பாட்டு இல்லை, "கல்லைப் போடுங்கள், கல்லைப் போடுங்கள்!" என்று எச்சரிக்கை. புதுக் கல்லின்மேல் ஓடியே ஓடைத் தண்ணீர் குட்டைக்குள் வந்தது.

ஒரு வாரம் ஆயிற்று. ஒன்றும் தெரியவில்லை. "சொன்னேனே!" என்றது நரி. இரண்டாம் வாரம் கரையோரம் நகக்கண் அளவுக்குப் பாசி தெரிந்தது. மூன்றாம் வாரம், நாரை கொண்டுவந்து விட்ட நத்தைகளில் ஒன்று, மருதமரத்தின் பக்கம் ஒரு பார்வை வைத்துக்கொண்டே, ஆம்பல் தண்டில் முட்டை ஒட்டியது.

மார்கழி பிறந்ததும் இடுக்கி அக்கா இரண்டு முட்டை இட்டது.

காடே மரத்தடியில் கூடிவிட்டது. நாரை உட்காரவில்லை. கூட்டின் விளிம்பில் நின்றுகொண்டே இருந்தது.

"உட்காரு அக்கா!" என்றது தொண்டைமணி.

"பயமாக இருக்கிறது தம்பி."

"உடைந்தால் முதலில் போவது நான்தான். நானே உட்காரச் சொல்கிறேன். உட்காரு!"

நாரை ஒரு காலை மடக்கியது. மறு காலை மடக்கியது. இறகை விரித்து மெல்ல மெல்ல இறங்கியது. கீழே ஒருவரும் மூச்சுவிடவில்லை.

சத்தம் எதுவும் வரவில்லை.

 பிறகு ஒரு தவளை தாங்கமாட்டாமல் பாடிவிட்டது. உடனே முந்நூறும் பாடின. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

அதற்குச் சில நாள் கழித்து மலைக்கு அப்பாலிருந்த குடியிருப்பிலிருந்து ஒரு பெண் மாட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். எல்லாப் பக்கமும் இலை கருகியிருக்க, இந்தக் குட்டை மட்டும் பச்சையாக, தவளைச் சத்தத்தோடு இருப்பதைக் கண்டு நின்றுவிட்டாள். ஓடை வாயில் கிடந்த வெள்ளைக் கல்லைப் பார்த்தாள். ஒரு கல்லை மடியில் கட்டிக்கொண்டு, புட்டியில் கொஞ்சம் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போனாள்.

மறு மழைக்காலத்துக்கு முன்னால் இடுக்கி அக்கா மலைக்கு அப்பாலிருந்து சேதி கொண்டுவந்தது. குடியிருப்பு மனிதர்கள் அந்தப் புகைபோக்கி ஆலையின் வாசலில் பல நாள் உட்கார்ந்து போராடினார்களாம். இப்போது லாரி லாரியாக வெள்ளைக் கல் உள்ளே போகிறதாம். அதை அரைத்துக் குழம்பாக்கிப் புகையை அதில் குளிப்பாட்டி அனுப்புகிறார்களாம். இரண்டு புகைபோக்கிகளின் புகை வெளுத்துவிட்டது. மூன்றாவது இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது.

நரி எழுந்து நின்றது. "ஆகா! அந்த யோசனை நம்முடையதுதான்! மனிதர்களுக்கே பாடம் சொன்ன காடு இது! தொண்டைமணி, பாறைமேல் ஏறு, உனக்கு மாலை போடுகிறேன்!"

"வேண்டாம் மாமா," என்றது தொண்டைமணி. "அவள் கல்லை எங்கே கொண்டுபோனாளோ, யாரிடம் காட்டினாளோ. அவர்களே முன்பிருந்து போராடிக்கொண்டும் இருந்திருக்கலாம். மழையை நாங்கள்தான் கூப்பிட்டோம் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது எனக்கு ஒரு ஜென்மத்துக்குப் போதும். மூன்றாவது வாய் இன்னும் கறுப்பு. வாருங்கள், கல் சுமப்போம்."

கூட்டில் இரண்டு நாரைக் குஞ்சுகள் பறக்கப் பழகிக்கொண்டிருந்த நாளிலிருந்தே தொண்டைமணிக்கு ஒரு விஷயம் தெரியும். குட்டையில் இப்போது தலைப்பிரட்டைகள் கறுகறுவென்று மொய்த்தன. நாரைகளுக்கு நத்தை அலுத்துப்போனால் தவளையும் ருசிக்கும்.

"தம்பி," என்று ஒரு நாள் இடுக்கி அக்கா தலையைத் தாழ்த்தி மெல்லச் சொன்னது. "உன்னை நான் தொடமாட்டேன். என் பிள்ளைகளுக்கு நான் ஜாமீன் நிற்க முடியாது. அவை நாளைக்கு உன் பிள்ளைகளில் நாலைத் தின்னும்."

தொண்டைமணி தண்ணீரைப் பார்த்தது. கலங்கலாக, பச்சையாக, கொஞ்சம் நாற்றமாகக்கூட இருந்தது. அதில் தன் முகம் தெரியவில்லை. அசைகிறவை ஆயிரம் தெரிந்தன.

"தின்னட்டும் அக்கா," என்றது. "தின்பதற்கு நாங்கள் இருக்கிறோம், தின்ன நீங்கள் இருக்கிறீர்கள். போன வருஷம் இந்த இரண்டுமே இல்லையே."

செய்யாததற்குப் புகழ் வாங்குவதையும் செய்யாதவர்மேல் பழி போடுவதையும் விட்டால்தான் கேடு எங்கிருந்து வருகிறது என்பது கண்ணில் படும். அது கண்ணில் பட்டுவிட்டால், கைக்கு எட்டிய ஒரு சிறு கல்லிலிருந்தே அதைத் திருத்தத் தொடங்கிவிடலாம்.